மலைக்குத் திரும்பும் குழந்தை

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் சோதனைச் சாவடியோடு தமிழ்நாடு முடிகிறது. தமிழ் முடிவதில்லை. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி அங்கே தொடங்குகிறது. பவானியும் சிறுவாணியும் ஓடும் பூமி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள். தெற்கே இடுக்கி எல்லையிலும் இதே நிலைதான். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் மூணாறு வரை தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்கள் தமிழர்கள்.

இரண்டு எல்லைகளிலும் பெரிய நோய் என்றால் மலை இறங்கியாக வேண்டும். அதிலும் குழந்தைக்கு ரத்த நோய் என்றால் பயணம் நீண்டுவிடும்.

அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வருகிறது. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், பக்கத்து நீலகிரியின் பழங்குடியினரிடம். இதையும் தலசீமியாவையும் வேரோடு நீக்க நம் நாட்டில் கைக்கெட்டும் வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்குச் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தியதில் இந்தியாவில் இது தொடங்கியது. 1986-ல் வேலூர் சி.எம்.சி. தலசீமியாவுக்கு இதைச் செய்தது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

மஜ்ஜை செலுத்துவது பார்ப்பதற்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான். இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய அணுக்கள் தலைகாட்டும். பெற்றோரும் 'கவுண்ட் ஏறியதா?' என்று கேட்கப் பழகிவிடுவார்கள். மஜ்ஜை தந்தவரின் ரத்த வகை வேறாக இருந்தால், குழந்தையின் ரத்த வகையே நாளடைவில் மாறிவிடும்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. 'மஜ்ஜை' தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஏறக்குறைய ஒரே சொல். 'டிஸ்சார்ஜ்' என்பதுதான் தொல்லை தரும் சொல். ஊரில் அதற்கு 'குணமாகிவிட்டது' என்று பொருள். டாக்டருக்கோ, 'இனி மீதி சிகிச்சை வீட்டில்' என்று பொருள்.

முதல் 100 நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கச் சொல்கிறார்கள். காரணம் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதை மறுநாளும் திறக்காது. தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால், புதிய மஜ்ஜை குழந்தையின் உடலையே எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். அதைத் தடுக்கும் மருந்தின் அளவை ரத்தப் பரிசோதனை செய்துதான் கூட்டிக் குறைக்க முடியும். இத்தனை நாளும் பெற்றோரில் ஒருவருக்குக் கூலி கிடையாது.

பிறகு ஊர் திரும்பும் குழந்தைக்கு, ஊரில் இயல்பானவையே ஆபத்து. மழையில் நனைந்த சுவரின் பூஞ்சை, மக்கிய இலைக்குவியல், மண், வீட்டுக்குள் உலவும் கோழி, அடுப்புப் புகை எல்லாமே விலக்க வேண்டியவை. ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முன்பு போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுபடி தொடங்க வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பதுதான் இந்தப் பிள்ளைக்கும் காவல்.

'கண்ணு பட்டுவிடும் என்று பிள்ளையை மறைக்கிறார்கள்' என்றோ, 'ஒட்டும் நோய் போலிருக்கிறது, முகமூடி போட்டிருக்கிறார்கள்' என்றோ அக்கம்பக்கம் பேசினால் அந்தக் குடும்பம் தனித்துப் போகும். முகமூடி குழந்தையை நம்மிடமிருந்து காக்க என்பதை ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆஷா பணியாளரும் அங்கன்வாடி ஆசிரியையும் அதைச் செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் சாரத்தை மருத்துவமனையும் குடும்பத்தின் மொழியில் ஒரு பக்கம் எழுதித் தரலாம்.

2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை ரயில் வந்தது. சென்னை ரயில் காட்பாடி வழியாகப் போகிறது. வேலூருக்கு அங்கே இறங்கலாம். மறுபரிசோதனைக்குப் போகும் பிள்ளைக்கு, நெரிசல் பஸ்ஸில் இரவெல்லாம் இடிபடுவதைவிட ஜன்னலோரப் படுக்கை எவ்வளவோ மேல்.