கோட்டின்மேல் குடியிருப்போர்

எல்லைக்கோடு வரைவதற்கு ஒரு மைக்கோல் போதும். அந்தக் கோட்டின்மேல் குடித்தனம் நடத்துவதற்கோ ஒரு தலைமுறையின் பொறுமையும் போதாது. அயர்லாந்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் எண்ணம் இது.

திராவிட நாடு கேட்ட இயக்கத்தின் வழிவந்தவர்கள் நாம். 1963-இல் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. மாநில உரிமை முழக்கம் தொடர்ந்தது. ஆகவே, 'பிரிவு' என்ற சொல்லைக் கேட்டு நாம் நடுங்குவதில்லை. அதைக் கேட்டு மயங்குவதும் ஆகாது. அண்மையில் நம் மன்றத்து நண்பர் ஒருவர், "பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிற்று, வானமா இடிந்து விழுந்தது?" என்று கேட்டார். வானம் இடியவில்லைதான். ஆனால் மண் என்னவாயிற்று என்பதை எல்லையில் நின்றல்லவா பார்க்க வேண்டும்?

1921-இல் அயர்லாந்து இரண்டாக்கப்பட்டது. எதைக் கொண்டு கோடு கிழித்தனர்? மலையையா? ஆற்றையா? மொழியையா? மதத்தை! புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருக்கும்படி ஆறு மாவட்டங்களைப் பிரித்தெடுத்து 'வட அயர்லாந்து' என்றனர். அந்த ஆறிலும் இரண்டில் கத்தோலிக்கரே மிகுதி! ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோடு வயல்களை ஊடறுத்துச் சென்றது. பெட்டிகோ என்னும் சிற்றூரின் நடுவே ஓர் ஆறு. ஒரு கரை குடியரசு, மறு கரை பிரிட்டன். 1923-இல் சுங்கச்சாவடிகள் முளைத்தன. 1960களின் இறுதியில் மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். எல்லைப்புறச் சாலைகள் பலவற்றைப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர்.

அந்தக் கோட்டை மங்கச் செய்தவை இரண்டு. 1973-இல் இரு நாடுகளும் ஒருசேர ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. 1993-இல் ஒரே சந்தை உருவாகிச் சுங்கச் சோதனை ஒழிந்தது. 1998-இல் பெல்ஃபாஸ்ட் உடன்பாடு அமைதியைத் தந்தது, காவற்கோபுரங்கள் அகன்றன. 200-க்கும் மேற்பட்ட சாலைகள் தடையின்றித் திறந்தன. வடக்கே கறக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெற்கே சென்று பதப்படுகிறது. குடியரசின் டொனிகால் மாவட்டத்துப் புற்றுநோயாளர் எல்லை கடந்து டெரி நகரில் மருத்துவம் பெறுகின்றனர்.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டன் முழுவதிலும் 51.9 விழுக்காட்டினர் 'விலகுவோம்' என்றனர். வட அயர்லாந்திலோ 55.8 விழுக்காட்டினர் 'இருப்போம்' என்றனர். எவர் வாசலில் எல்லை இருந்ததோ, அவர்கள் குரல் எண்ணிக்கையில் அமுங்கிற்று.

மக்களுக்கு வாக்குறுதிகள் மூன்று. சுங்க ஒன்றியத்தை விடுவோம், நிலத்தில் சோதனை வராது, கடலிலும் வராது! பகுத்தறிவுக்கு ஒவ்வுமா இது? வரியும் விதியும் வேறான இரு சந்தைகளுக்கு நடுவே எங்கேனும் ஓரிடத்தில் சரக்கைச் சோதித்துத்தானே ஆக வேண்டும்? நிலத்தில் சோதித்தால் அமைதி குலையும் என்று அஞ்சினர். சோதனை கடலுக்குச் சென்றது. 2021 முதல் பிரிட்டன் தீவிலிருந்து வரும் சரக்கு வட அயர்லாந்துத் துறைமுகங்களில் சோதனைக்கு உள்ளாயிற்று. "சொந்த நாட்டுக்குள்ளேயே சுங்கமா?" என்று பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புவோர் கொதித்தனர். 2022 முதல் 2024 தொடக்கம் வரை அங்கே ஆட்சியே முடங்கியது. 2023-இல் ஒரு திருத்தம் செய்தனர்: வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி; குடியரசுக்குச் செல்லக்கூடியதற்குச் சிவப்பு வழி.

சரக்கின் கதை இது. மனிதனின் கதை என்ன? பிரிட்டன், அயர்லாந்துக் குடிமக்கள் பழைய உடன்பாட்டின்படி இருபுறமும் தடையின்றிச் சென்று உழைக்கலாம். டொனிகாலில் குடியிருக்கும் போலந்து நாட்டுத் தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை. 2020 முடிவதற்குள் வடக்கே வேலையில் இருந்தவரேனும் அனுமதிச் சீட்டு பெற்றுத் தொடரலாம். அதன்பின் புதிதாய் வேலை தேடுபவர் விசா பெற வேண்டும். ஒரே தெருவில் வாழும் இருவர். ஒரே தொழில் தெரிந்தவர்கள். சட்டம் அவர்கள் உழைப்பைப் பார்ப்பதில்லை. குடியுரிமைச் சீட்டைப் பார்க்கிறது. அச்சீட்டோ, பெரும்பாலோர்க்குப் பிறப்பால் வந்தது. பிறப்பைக் கேட்டு மனிதனை வாசலில் நிறுத்தும் வழக்கத்தை நாம் அறியமாட்டோமா?

தோழர்களே, விலகும் உரிமை தவறென்று நான் கூறவில்லை. அது தவறென்றால், அயர்லாந்து மக்கள் போராடிப் பெற்ற விடுதலையும் தவறாகிவிடும். விலகுவோம் என்று ஒருவர் மேடையேறினால், கைதட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கோடு எங்கே விழும்? அங்கே குடியிருப்போரைக் கேட்டீர்களா? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில், விடுதலை பேசுகிறவர் ஒருவராகவும், விலை கொடுக்கிறவர் வேறொருவராகவும் இருப்பர்.