செங்கல் பிடித்த கைகள்

கட்டட வேலையில் செங்கல் பிடித்தவர்களுக்குத் தெரியும். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால் தோல் உரிந்துவிடும். கல் வருகிற வேகத்தோடு கையும் கொஞ்சம் பின்னால் போய் அதை வாங்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் முழுக்க அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ராத்திரி சோற்றைப் பிசைய முடியவில்லை, விரல்நுனியெல்லாம் எரிச்சல்.

அதனால்தானோ என்னவோ, ஜெர்ரி ரைஸின் பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது என் கண் அவர் கைகளிலேயே நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அவர் ரிசீவர். தூரத்திலிருந்து வீசப்படும் பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பவர். சொந்த ஊர் மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்ட். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள்தான் சித்தாட்கள். கீழே நிற்கும் சகோதரர் நாலு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே எறிவார். காற்றில் அவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பிரியும். சாரத்தில் நிற்கும் ஜெர்ரி நாலையும் பிடிப்பார். தவறினால் உடைவது அப்பாவின் காசு. கீழே இருப்பதோ கூடப் பிறந்தவரின் தலை.

பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இட்டா பெனா என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட மிசிசிப்பி வேலி ஸ்டேட்தான் இடம் கொடுத்தது. பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி துணிச்சல்காரர். மற்ற அணிகள் பந்தைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் வீசச் சொன்னார். மறுபடி மறுபடி வீசச் சொன்னார். வில்லி டாட்டன் வீசினார், ரைஸ் பிடித்தார். 1983இல் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 24 பந்துகள். 1984இல் 27 டச் டவுன்கள், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுத்தவை. அந்த ஆண்டு அணியின் சராசரியே ஆட்டத்துக்கு 60 புள்ளிகளைத் தாண்டியது.

1985இல் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சான் பிரான்சிஸ்கோ அணி அவரை மொத்தத்தில் 16ஆவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அந்தக் கைகளிலிருந்தே பந்து நழுவியது. உள்ளூர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். நாலு கல்லைப் பிடித்தவருக்கு ஒரு பந்து நிற்கவில்லையே என்று எவ்வளவு தவித்திருப்பார்! டிசம்பரில் ராம்ஸ் அணியுடன் ஆடியபோது 10 பந்துகள், 241 கெஜம். கை திரும்பி வந்துவிட்டது. ஓய்வு பெறும்போது கணக்கில் 22,895 கெஜம்.

அவர் படித்த இடத்தில் இன்று மைதானத்தின் பெயர் ரைஸ்–டாட்டன். பிடித்தவரோடு வீசியவரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. கீழே நின்று கல் எறிந்தவர்களின் பெயரும் அங்கே ஒரு சுவரில் இருக்கலாம் என்று எனக்கு ஆசை.