தஞ்சைச் சாலையில் 'காலரி'

திருச்சியில் துவாக்குடி பஸ் ஏறினால், இன்னார்தான் அந்த ஊர்க்காரர் என்று சட்டென்று சொல்ல முடியாது. பெல் தொழிற்சாலை ஷிப்டைப் பற்றிப் பேசுபவர் மலையாளி. காதில் ஒயர் மாட்டிய பையன் ஆந்திரா. வழியிலுள்ள பொறியியல் கல்லூரி 2003-இல் என்.ஐ.டி. ஆகிவிட்டது, கண்டக்டருக்கு அது இன்றும் ஆர்.இ.சி.தான்.

ஆனால், பஸ் போகும் இந்தத் தஞ்சைச் சாலைக்குத் தெற்கே விரிந்திருந்த காட்டுப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு வெள்ளைக்காரர்கள் ஒரே பெயர் வைத்தார்கள்: 'காலரி'. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் 1763-இல் வெளியிட்ட போர் வரலாற்றில் அது இருக்கிறது. திருச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள காடுகளில் வசிப்பவர்கள் என்று எல்லை குறிக்கிறார். அவர்கள் மொழியில் அதற்குத் திருடர் என்று பொருள், குணமும் அப்படித்தான் என்று கையோடு தீர்ப்பும் எழுதிவிடுகிறார். அதை எழுதும் இடம்தான் வேடிக்கை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியோடு போட்டியிட்ட சந்தா சாகிபின் முற்றுகையில் திருச்சிக் கோட்டை தவித்தபோது, முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் துணையாகப் புதுக்கோட்டைத் தொண்டைமான் அனுப்பிய படையில் 3,000 'காலரி'கள் இருந்தார்கள் என்று சொல்லும் இடம் அது! கைகொடுக்க வந்தவனுக்குக் கிடைத்த பட்டம்.

கள்ளர் என்பதே மூலம். ளகரம் வராத நாக்கில் அது 'காலரி' ஆயிற்று. 'அர்' ஏற்கெனவே பன்மை என்று தெரியாமல் அதன்மேல் ஒரு 'ஸ்' சேர்த்து 'காலரீஸ்' ஆக்கினார்கள். பாளையக்காரர் 'பாலிகர்ஸ்' ஆனதும் இந்த வழியில்தான். பஸ் திருவெறும்பூரைத் தாண்டும்போது குன்றின்மேல் தெரியும் எறும்பீசுவரர் கோயிலை ஆர்ம் 'எலிமிசெரம்' என்கிறார். எறும்பை எலியாக்கிய புண்ணியவான்!

1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'காலரி'யைத் தனிச்சொல்லாகவே சேர்த்துக்கொண்டது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், இதே சாலையின் மறுமுனையான தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சொல் அகராதியோடு நிற்கவில்லை. அதிலிருந்த பழி குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஏறியது. 1920 ஏப்ரல் 3-இல் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர்கள்மேல் போலீஸ் சுட்டது.

தஞ்சையை அடுத்த நடுக்காவேரியில் பிறந்து, திருச்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ந.மு. வேங்கடசாமி நாட்டார் 1923-இல் 'கள்ளர் சரித்திரம்' எழுதினார். தம் சமூகத்தின் கதையைத் தாமே சொன்ன புத்தகம் அது. ஆர்மைப் படிப்பவர்கள் நாட்டாரையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.