கொயினாத் தண்ணீர்

எங்கள் சேரம்பாடிப் பாட்டிக்கு எது கசந்தாலும் "கொயினாத் தண்ணியாட்டம்" தான். அந்தக் காலத்தில் வயநாட்டுச் சரிவுகளில் மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன கூலிக்காரர்களுக்குக் கணக்கில்லை. அதற்கிருந்த மருந்து அதுதான்.

சிங்கப்பூரில், கியோங் சாயிக் வீதியில் ஒரு சின்ன மதுக்கூடத்துக்கு மருமகன் என்னை அழைத்துப் போனான். பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். விளக்கோ, இருட்டுக்குத் துணையாக ஒன்றிரண்டு. ஜின்னில் டானிக் கலந்து ஒரு கிண்ணம் வந்தது. விலை, எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் கூலிக்குக் குறையாது!

"கசக்கிறதேடா!"

"டானிக்கில் கொயினா இருக்கே, மாமா."

சேரம்பாடியிலிருந்து உதகைக்குப் போகும் வழியில்தான் நடுவட்டம். 1860களில் வெள்ளைக்காரர்கள் அங்கே சிங்கோனா பயிரிட்டார்கள். அதன் பட்டையில் இருப்பதுதான் கொயினா. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைப் பிடித்து விட்டார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்கிறீர்கள்? சிங்கப்பூரும் பினாங்கும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து. அங்கே சிறையில் இடம் போதவில்லையாம்! பிறகு சிலர் தமிழ்ப் பெண்களோடு குடித்தனம் நடத்தி, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். தர்ஸ்டன் துரை அவர்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

கிண்ணம் கொடுத்த சீனப் பையனிடம் மருமகன் இதைச் சொன்னான். பையன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவர்கள் பெயர்களை யாராவது எழுதி வைத்தார்களா?" என்று கேட்டான்.