நிலத்தை அறுதியாக விற்காதே

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு யூதக் குடும்பம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் மண்ணையும் தண்ணீரையும் பற்றி அவர்களிடமிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வயதான விவசாயியின் பேச்சாக இதை எடுத்துக்கொண்டு இளையவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அவர்களின் வேதத்தில், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில், கடவுள் நிலத்தைத் தன்னுடையது என்கிறார். மனிதர்கள் அதில் வந்து தங்கிப்போகிறவர்கள்; ஆகவே அதை அறுதியாக விற்கக் கூடாது. குத்தகை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். குத்தகைக்காரன் உழலாம், அறுக்கலாம், தின்னலாம். வரப்பை வெட்டவும், கிணற்றைத் தூர்க்கவும், ஓரத்து மரத்தை விற்கவும் அவனுக்கு உரிமை கிடையாது.

இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் அவர்களின் மற்ற கட்டளைகள் கிளைத்திருக்கின்றன. ஆறு வருடம் பயிர் வைத்தால் ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. அந்த ஓய்வு வருடத்துக்கு ஷ்மிட்டா என்று பெயர். அந்த வருடம் தானாக விளைவது எல்லோருக்கும் பொது. ஏழைக்கும், வேலையாளுக்கும், ஆடுமாட்டுக்கும், காட்டு விலங்குக்கும். அறுவடையில் வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைகளுக்கு விட வேண்டும். புதிதாக நட்ட மரத்தில் முதல் மூன்று வருடக் கனியைத் தொடக் கூடாது. அதே வேதத்தின் இன்னொரு நூலான உபாகமத்தில் உள்ள கட்டளை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. எதிரியின் ஊரை முற்றுகையிட்டிருக்கும் காலத்திலும் அங்குள்ள பழமரத்தைக் கோடாலியால் வெட்டாதே என்கிறது அது. நாம் எந்தப் போரும் இல்லாத காலத்தில், சாலையை அகலப்படுத்த என்று, பாட்டன் காலத்துப் புளியமரங்களை வரிசையாகச் சாய்த்தோம். அவை நிழல் மட்டுமா தந்தன? எத்தனையோ வீடுகளுக்கு வருடத்துப் புளியும் தந்தன.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே இந்த மக்கள் வாழ்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. சேந்தமங்கலம், பரவூர், மாளா என்று கேரளத்தில் பல ஊர்களில் அவர்களுக்கு ஆலயங்கள் இருந்தன. 1948-இல் இஸ்ரேல் உருவானது. அதன்பின், குறிப்பாக 1950-களின் நடுவில், பெரும்பாலானோர் அங்கே போய்விட்டார்கள். ஊர்கூடித் தொழ வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும் என்பது அவர்களின் பழைய முறை. ஆள் குறையக் குறைய ஆலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எர்ணாகுளம் சந்தைப் பகுதியில் உள்ள கடவும்பாகம் ஆலயத்திலும் 1970-களில் வழிபாடு நின்றது. ஆனால் அதைக் காத்து வந்தவர் பூட்டிவிட்டுப் போகவில்லை. அதன் முன்பகுதியில் செடி நாற்றங்காலும் அலங்கார மீன் கடையும் நடத்திக்கொண்டு, கட்டடம் பாழாகாமல் பார்த்துக்கொண்டார். 2018-இல் அந்த ஆலயத்துக்கு மீண்டும் தோரா எனும் வேதச் சுருள் வந்து சேர்ந்தது. இடையில் எத்தனை பத்தாண்டுகள்! தொழ ஆளில்லாத காலத்திலும் அந்த இடத்தில் உயிருள்ள ஒன்றைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவரை நான் பெரிய பக்தராகவே மதிக்கிறேன்.

கேரளத்திலிருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊரில் குடியேறினார்கள். அதை அடுத்த பேர்ஷெபா நகரில் வருடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழைதான். நம் மாவட்டத்தில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அந்த மண்ணில் அவர்கள் பூ வளர்த்தார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாகு பெசலேல் பசுமைக் குடிலில் ரோஜா பயிரிட்டுப் பேர்பெற்றார். நம் அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. பேர்ஷெபாவுக்கு அருகே ஹட்சேரிம் என்ற கூட்டுப் பண்ணையில்தான் 1965-இல் சொட்டுநீர்க் குழாய் தயாரிக்கும் நெடாஃபிம் நிறுவனம் தொடங்கியது. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் உருவானதும் அதே 1965-இல்தான். 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த தளியில் இன்று இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் கொய்மலர் மையம் நடக்கிறது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைக்க அரசு நூறு சதவீத மானியம் தருகிறது.

ஆக, கருவி நம் காட்டுக்கு வந்துவிட்டது. கட்டுப்பாடு வரவில்லை. சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரை நாம் பூமியில் விட்டுவைத்தோமா? இன்னும் இரண்டு ஏக்கர் தக்காளி சேர்த்து நட்டோம். ராகியோடு அவரையும் துவரையும் சால்விட்டு, அறுத்தபின் ஆட்டுப்பட்டி போட்டு, நிலத்தை ஆறவிட்ட வழக்கம் என் கண்முன்னே போய்விட்டது. குச்சிக்கிழங்கு, தக்காளி, மல்லிகை என்று நிலம் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்டது. பாறைக்குள்ளிருந்து வந்த தண்ணீரில் ஃப்ளோரைடும் சேர்ந்து வந்தது. பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் எலும்பும் வலி. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2013-இல் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது.

இஸ்ரேலிலும் எல்லோரும் ஷ்மிட்டாவை முழுதாகக் கடைப்பிடிப்பதில்லை. நிலத்தைப் பெயரளவில் பிறருக்கு விற்றுவிட்டுப் பயிர்செய்யும் ஏற்பாடும் அங்கே உண்டு. ஆனால் அந்த வருடம் வந்தால் ஆலயத்தில் பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், மறக்கவிடுவதில்லை. அமெரிக்காவில் எவன்ஸ்டன் நகர யூதச் சபையார் 2008-இல் திறந்த ஜெப ஆலயத்தைப் பழைய மரப்பலகைகளையும் கொண்டு, மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி கட்டினார்கள். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் தரச்சான்று அதற்குக் கிடைத்தது. மரங்களுக்கென்று அவர்களுக்கு ஒரு புத்தாண்டு நாளே உண்டு. து பிஷ்வாத் எனும் அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டி வரும். அன்று பழம் உண்கிறார்கள், மரம் நடுகிறார்கள்.

இந்தப் பொறுப்பை ஒவ்வொருவரின் நல்ல மனதுக்கு விடாமல் தொழும் கூட்டத்தின் கடமையாக வைத்ததுதான் அவர்களின் பலம் என்பது என் முடிவு. நமக்கும் அப்படித்தான் இருந்தது. ஏரிக்கரையில் சாமி இருந்தது. கோயில் காட்டில் சுள்ளி ஒடிக்கப் பயந்தோம். ஏரி தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போனோம். இன்று மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி தவறாமல் வசூலாகிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் கணக்கு எழுதுகிறோம். ஏரிக்கு வரும் வரத்துக்கால் எங்கே அடைந்திருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

யூதர்களின் அடுத்த ஷ்மிட்டா 2028 செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் நம் ஊர்களில் சில பண்டிகைகள் வந்துபோகும். அடுத்த முறை ஊர்க்கூட்டம் கூடும்போது, பிள்ளைகளே, தலைக்கட்டு வரியில் ஒரு பங்கை ஏரிக்கும் வரத்துக்காலுக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்கள் மறுத்தால் மறுவருடமும் கேளுங்கள்.