மாதம் 499 ரூபாய் - ஒரு முழுக் கணக்கு

தெருமுனை மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். அந்த ஏரியாவில் எத்தனை பேர் இணையம் விற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கொத்துக் கொத்தாய்த் தொங்கும் வயர்களில் பாதி யாருடையது என்று கேபிள்காரருக்கே தெரியாது! அத்தனை வயர்காரர்களும் சொல்வது ஒன்றுதான்: "நெட்டும் டிவியும் சேர்த்து ஒரே பில், மாதம் 499."

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் வந்தபோது இவ்வளவு குழப்பம் இல்லை. 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று 2004-ம் ஆண்டு அரசுக் கொள்கை சொன்னது. 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 எம்பிபிஎஸ் ஆனது. டிவி கதை தனி. 2003-ல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. 2019 பிப்ரவரியில் டிராய் விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை வந்தது. அன்று முதல், சீரியல் பார்க்கும் பாட்டிகூட எந்தச் சேனல் எந்த பேக்கில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்கிறார்.

சரி, 499-க்கு வருவோம். முதலில் 18 சதவீத ஜி.எஸ்.டி. 499 என்பது 588 ரூபாய் 82 காசு ஆகிவிடும். நோட்டீஸில் வரி சிறிய எழுத்தில்தான் இருக்கும், பில்லில் பெரிய எழுத்தில் வரும்.

அடுத்தது வேகம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பிதான். அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். முழு எச்டி படம் ஒன்று ஓட சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படம் பார்த்து, ஒருவர் ஆன்லைன் வகுப்பில் இருந்தாலும் 40 எம்பிபிஎஸ் தாராளம். உள்ளறையில் நெட் நிற்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி நடுவில் இருக்கும் சுவர்தான். மேலே உள்ள பிளானுக்கு மாறுவதைவிட வைஃபை பெட்டியை நடுக்கூடத்துக்கு மாற்றுவது மலிவு.

உண்மையான கணக்கு இனிமேல்தான். உதாரணத்துக்கு இரண்டு நிறுவனங்கள். முதலாவது மாதம் 499 கேட்கிறது; ஆனால் ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும், நடுவில் விலகினால் பாக்கி திரும்பாது. இரண்டாவது மாதம் 599 கேட்கிறது. மாதாமாதம் கட்டலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு வருடம் ஓட்டினால் வரியோடு முதலாவதுக்கு 7,065 ரூபாய் 84 காசு, இரண்டாவதுக்கு 8,481 ரூபாய் 84 காசு. முதலாவதில் 1,416 ரூபாய் மிச்சம். அதுவே மூன்றாவது மாதம் வீடு மாற வேண்டி வந்தால்? அல்லது சர்வீஸ் சரியில்லை என்றால்? முதலாவதில் கட்டிய 3,532 ரூபாய் 92 காசும் போச்சு. அனுபவித்தது மூன்று மாதம், அதாவது மாதம் 1,177 ரூபாய்க்கு மேல்! இரண்டாவதில் மூன்று மாதத்துக்கு 2,120 ரூபாய் 46 காசோடு கணக்கு முடிந்திருக்கும்.

வணிகவியல் பாடத்தில் இதற்கு 'ஸ்விட்சிங் காஸ்ட்' என்று பெயர். ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்கு மாறும்போது கையை விட்டுப் போகும் பணம், நேரம், தொந்தரவு எல்லாம் அதில் சேரும். நுழையும் விலையைத்தான் விளம்பரம் சொல்லும். வெளியேறும் விலையை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்போனில் 2011 ஜனவரி முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற முடிகிறது. டிவி பெட்டியில் அந்தச் சுதந்திரம் வரவில்லை. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று 2020-ல் டிராய் பரிந்துரை செய்தது. நடைமுறையில் இன்னும் ஒருவர் பெட்டி இன்னொருவர் வயருக்கு ஒத்துவருவதில்லை.

இந்த இடத்தில்தான் 'எல்லாம் சேர்த்து ஒரே பில்' யோசிக்க வைக்கிறது. இரண்டும் ஒரே ஃபைபரில் வந்தால், வயர் அறுந்த அன்று பேரனின் வகுப்பும் போகும், பாட்டியின் சீரியலும் போகும். பணம் கட்ட ஒரு வாரம் தாமதமானாலும் அதே கதை. அதோடு 'நூற்றுக்கணக்கான சேனல்கள்' என்பதில் வீட்டில் பார்க்கும் நான்கைந்து தமிழ்ச் சேனல்கள் இருக்கின்றனவா என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். அவை ஆப் வழியாக வருகின்றனவா, பழையபடி நம்பர் அழுத்தினால் வருகின்றனவா என்பதும் முக்கியம். ரிமோட்டில் நம்பர் அழுத்திப் பழகிய எழுபது வயதுக்காரருக்கு, நான்கு மெனுவுக்குள் போய்ச் சேனல் தேடுவது என்றால் டிவியே இல்லாத மாதிரிதான். தினமும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு எந்தப் பில்லிலும் வராது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை:

1. பக்கத்து வீட்டிலும் மாடி வீட்டிலும் கேட்பது. 'ஸ்பீடு எவ்வளவு' என்று அல்ல. 'போன ஐப்பசி மழையில் வயர் போனபோது எத்தனை நாளில் ஆள் வந்தார்' என்று.

2. முன்பணம், இன்ஸ்டலேஷன், பெட்டிக்கான டெபாசிட், அது திரும்பி வரும் விதம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குவது.

3. சலுகைக் காலம் முடிந்த பிறகு கட்டணம் எவ்வளவு என்று கேட்பது.

4. புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்து வைப்பது. கால் சென்டரில் தீராத இணையப் புகாரை அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குக் கொண்டுபோக 2012-ம் ஆண்டு டிராய் விதிமுறை வழி செய்கிறது. அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

ஓடிடி மட்டுமே பார்க்கும் இளைஞர்கள் உள்ள வீட்டுக்கு ஒரே பில் லாபம்தான். சொந்த வீடு, நல்ல லைன்மேன் என்றால் ஆறு மாதப் பணத்தை முன்னால் கட்டுவதிலும் தவறில்லை. வாடகை வீடு, பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டும் இணையமும் தனி கேபிளும் வைத்துக்கொள்வது நல்லது. நூறு, நூற்றைம்பது ரூபாய் கூடுதலாக ஆகலாம். பிடிக்கவில்லை என்றால் மறுமாதமே நிறுத்திவிடலாம் என்ற வசதிக்கு அது அதிக விலை இல்லை.