நுரையும் நரையும்

ஆண்பிள்ளைகள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு கால் மணி நேரம் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று சகோதரிகள் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, பள்ளிக்கூட வண்டி வாசலில் வந்து நிற்கிறது, மனுஷரோ கன்னத்தை ஒரு பக்கம் உப்ப வைத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் "உம்" என்கிறார்.

இந்த முகச்சவர சமாசாரத்தைப் பெண்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். கடையில் சோப்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான் என்பது முதல் காரணம். வெந்நீர் போட்டுக் கொடுப்பதும் நீங்கள்தான் என்பது இரண்டாவது. மூன்றாவது காரணம் திருக்கடையூரில் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

நம் தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாவிதர் தம் பெட்டியுடன் வீடு தேடி வருவார். திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ உட்கார வைத்து, கிண்ணித் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாடையில் நன்றாகத் தேய்த்து ஊற வைப்பார். கத்தியைத் தோல் வாரில் நாலு தீட்டுத் தீட்டிக் காரியத்தை முடித்துவிடுவார். 1904-ல் அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர், தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடுக்கும் அதைப் பிடிக்கும் கைப்பிடிக்கும் காப்புரிமை வாங்கினார். அன்று முதல் அவரவர் முகத்துக்கு அவரவரே பொறுப்பாளி ஆகிவிட்டார்கள். வட்ட சோப்பும் பிரஷும் வந்தன. பிறகு டியூபில் கிரீம். அதற்கும் பிறகு, அமுக்கினால் புஸ்ஸென்று நுரை கக்கும் டப்பா.

இப்போது சக்கரம் திரும்பியிருக்கிறது. ஐந்து பிளேடு பூட்டிய கத்தியை வைத்துவிட்டு, தாத்தாவின் ஒற்றை பிளேடு ரேஸரையும் பிரஷையும் வட்ட சோப்பையும் தேடுகிற இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே சந்தனம், வெட்டிவேர், எலுமிச்சை என்று விதவிதமான வாசனைகளில் சவர சோப்பைக் கையாலேயே செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கையால் செய்த சோப்பு நமக்கு ஒன்றும் புதிதல்ல. ரயில்வே டாக்டராக இருந்த வி. பி. சித்தன், தொழிலாளிகளின் தோல் உபத்திரவத்துக்காக மூலிகை எண்ணெயில் சோப்பு செய்து பார்த்து, 1969-ல் சென்னையில் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். சந்தன சோப்புக்கு வயது இன்னும் அதிகம். மைசூர் சமஸ்தானம் 1916-ல் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை வைத்து, 1918-ல் சோப்பும் செய்ய ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சவர சோப்பு ஆராய்ச்சியில் நான் இறங்கியது நாகரிகத்துக்காக அல்ல, என் தகப்பனாருக்காக.

அப்பா ரெவினியூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளமானாலும் புயலானாலும் காலை ஆறு மணிக்கு அவர் முகத்தில் சோப்பு நுரை இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். சிறு கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும், மின்சார ஷேவர்தான் உத்தமம் என்றார் டாக்டர். வாங்கினோம். வயசான தோல் தளர்ந்திருக்கிறதல்லவா? மிஷின் போகிற பக்கமெல்லாம் அதுவும் கூடவே போயிற்று. இரண்டு நாள் பார்த்தார். "புல் வெட்டற மிஷினை எடுத்துட்டுப் போ" என்று சொல்லி பீரோவில் வைத்துவிட்டார்.

"நான் பண்ணிவிடட்டுமா அப்பா?" என்று கேட்டேன்.

"அம்பது வருஷமா என் கழுத்துலே கத்தி வெச்சவன் நான் ஒருத்தன்தான். அது அப்படியே இருக்கட்டும், தம்பி."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தாடி வளர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்கள், "காசிக்குப் போய்விட்டு வந்தீர்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். அப்பா சிரிப்பார். ஆனால் கண்ணாடி இருக்கும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவதை அம்மா கவனித்திருக்கிறாள். இந்த நிலையில்தான் எழுபது பூர்த்தியாகித் திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்வதென்று நிச்சயமாயிற்று.

முகத்துக்கு இதமான சோப்பு கிடைத்தாலாவது மனசு இளகாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆறு தினுசு வரவழைத்தேன். தபால்காரர் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் எதுலே செஞ்சது?" என்பதுதான். நியாயமான கேள்வி. மேல்நாட்டுக் கைச் சவர சோப்புகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு. 'டாலோ' என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு சோப்பில் அந்த வார்த்தை இருந்தது. அது அன்றே நாடு கடத்தப்பட்டது. மிச்சம் ஐந்து. வாரத்துக்கு ஒன்றாக என் முகத்திலேயே பரீட்சை செய்தேன்.

மல்லிகை சோப்பைத் திறந்ததும் வீடு கல்யாண வீடாயிற்று. "ஆபீசுக்குப் போறீங்களா, பூக்கடைக்குப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. நுரையும் ஆடம்பரமாகத்தான் வந்தது. மோவாய்க்குப் போவதற்குள் கன்னத்தில் காய்ந்துவிட்டது. லவங்க சோப்பு பல்வலியை ஞாபகப்படுத்தியது. லவங்க எண்ணெய் தோலில் சுரீரென்று எரியும். எலுமிச்சை சோப்பு மணத்தில் முதல் மார்க்கு. கத்தி பட்ட இடத்திலோ அழ வைத்துவிட்டது. வயசானவர்களுக்கு இவை இரண்டும் ஆகாது.

சந்தனம் நன்றாகவே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். "சந்தனம் பூசிக்கிறதுக்குப்பா, வழிச்சுப் போடறதுக்கு இல்லை" என்று அபிப்பிராயம் சொன்னார். கடைசியில் வெட்டிவேர். மோந்து பார்த்தவர் டப்பாவைத் திருப்பித் தர ஒரு நிமிஷம் ஆயிற்று. "எங்க வீட்டுத் தண்ணிப் பானை மாதிரி இருக்கு" என்றார். சோப்பு பாஸாகிவிட்டது. கத்திக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.

இந்த ஐந்து வாரப் படிப்பில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: சவர சோப்பில் வாசனை மூன்றாம் பட்சம். எண்ணெயைக் காரத்தோடு சேர்த்தால் சோப்பு. காஸ்டிக் சோடா சேர்த்தால் கெட்டியான கட்டி. காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்தால் இளகிய சோப்பு, தண்ணீரில் சுலபமாகக் கரையும். நல்ல சவர சோப்பில் பெரும்பாலும் இரண்டையும் கலப்பார்கள். தேங்காய் எண்ணெய் பெரிய பெரிய குமிழியாக நுரை கொடுக்கும்; ஆனால் அது சோடா நுரை, நிற்காது. ஸ்டியரிக் அமிலம் நிறைய இருந்தால் நுரை பொடிக் குமிழியாக, ஆடைத் தயிர் மாதிரி கனமாக நிற்கும். குளிக்கிற சோப்பு சவரத்துக்கு உதவாமல் போவது இதனால்தான்.

நுரை நிற்பது எதற்கு? அழகுக்கு அல்ல. முடிக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் அதன் உத்தியோகம். காய்ந்த முடி கத்தியோடு மல்லுக்கு நிற்கும். இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீர் குடித்துவிட்டால் பேசாமல் வழிவிடும். சோப்பே இல்லாத காலத்தில் நாவிதர் தாடையில் தண்ணீர் வைத்து அவ்வளவு நேரம் தேய்த்ததன் ரகசியம் இதுதான்.

இனித் திருக்கடையூர். மாயூரத்திலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். மார்க்கண்டேயனுக்காக எமனைத் தடுத்த சுவாமி இருக்கும் தலம் ஆனதால், அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் இங்கே வந்து மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சன்னதித் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நரைத்த மாப்பிள்ளை, நரைத்த மணப்பெண். பின்னால் பேரன் பேத்திகள்.

அப்பாவின் நட்சத்திரம் வியாழக்கிழமை வந்தது. ஜன்ம நட்சத்திரத்தில் சவரம் ஆகாது என்பார்கள். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது. புதன் ஒன்றுதான் எங்களுக்கு வழிவிட்டது. புதன் மத்தியானம் ஊர் போய்ச் சேர்ந்ததும், வளர்ந்த தாடியைக் கத்தரிப்பதற்காகவாவது ஒருவரை அழைத்து வரலாம் என்று கடைத் தெருவில் விசாரித்தேன். அறுபது வயசிருக்கும் ஒரு பெரியவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

கத்தரிக்கோல் வேலைக்கு அப்பா ஆட்சேபணை சொல்லவில்லை. அதற்குள் நான் வெட்டிவேர் சோப்பைப் பிரஷில் குழைத்தேன். குழைத்தேன், குழைத்துக்கொண்டே இருந்தேன். சென்னையில் தயிராக வந்த நுரை, இங்கே நீர்மோராகத் திரிந்து கிண்ணத்தில் ஒட்டிற்று.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "சோப்பைக் குறை சொல்லாதீங்க சார். இது போர் தண்ணி, கடலோரத் தண்ணி. இதுலே நுரை ஏறாது. குடிக்க வெச்சிருக்கீங்களே, அந்தத் தண்ணியைச் சுட வெச்சுக் கொண்டாங்க. இந்த ஊர்லே சாமி அபிஷேகத்துக்கே தண்ணி தனியா மயானத்துக் கிணத்துலேருந்துதான் வருது!"

அவர் சொன்னது உண்மைதான். பக்கத்திலே திருக்கடவூர் மயானம் என்ற கோயிலின் தீர்த்தக் கிணற்றிலிருந்துதான் அமிர்தகடேஸ்வரருக்கு அபிஷேக நீர் கொண்டு வருகிறார்கள். அதன் புராணம் வேறு. நம் கிண்ணத்து விஷயத்துக்கு ரசாயனம் சொல்கிற காரணம், கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துப் பிசுக்காக்கிவிடும் என்பது. குடிதண்ணீரைச் சுட வைத்துக் கொண்டு வந்தேன். பத்தே சுற்றில் நுரை தயிராயிற்று.

கிண்ணமும் பிரஷும் என் கையில்; அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில். யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரியாத ஒரு நிமிஷம். அம்மா வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் பூசறேன்."

"என்ன இது, பிள்ளைங்க எதிர்லே..." என்றார் அப்பா.

"நாளைக்கு ஊர் பார்க்கத் தாலி கட்டப் போறீங்க. அதுக்கில்லாத வெட்கமா? நம்ம கல்யாணத்துலே நலங்கு வைக்கறப்போ கன்னத்துலே சந்தனம் பூசினேனே, அப்போ சும்மாத்தானே உட்கார்ந்திருந்தீங்க?"

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா பதில் சொல்லவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நாற்பத்திரண்டு வருஷமாக வெந்நீர் வைத்துக் கொடுத்தவள், அன்றைக்குத்தான் பிரஷைப் பிடித்தாள். கோலத்தைச் செம்மண்ணால் நிரப்புவது போல நிதானமாக, ஒரு இடம் விடாமல் பூசினாள். வெட்டிவேர் மணம் அறை முழுக்கப் பரவிற்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நுரை ஊறுவதற்கு வேண்டிய மூன்று நிமிஷமும் யாரும் கேட்காமலே ஆகிவிட்டது. பெரியவர் புது பிளேடைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றபோது, அப்பா தாமாகவே கழுத்தை நிமிர்த்தினார்.

வேலை செய்துகொண்டே அவர் எனக்குப் பாடம் நடத்தினார். இடது கைப் பெருவிரலால் தளர்ந்த தோலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். முடி வளர்கிற திசையிலேயே கத்தி போக வேண்டும், எதிர்த்துப் போகக்கூடாது. அழுத்தக்கூடாது, கத்தியின் கனமே போதும். பெரியவர்களுக்கு வழவழப்புக்கு ஆசைப்படக்கூடாது. ஒரு முறை போனால் போதும், விட்டுவிட வேண்டும். முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தடவை தடவினார். ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"மாப்பிள்ளைச் சவரம்னா வேட்டி துண்டு கொடுக்கறது வழக்கம்" என்றார் கிளம்பும்போது, யாரையும் பார்க்காமல். வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுத்தோம்.

மறுநாள் கலச நீரை வாத்தியார் தலையில் கொட்டியபோது, அப்பாவின் முகத்தில் அது எங்கேயும் தடைப்படாமல் வழிந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை திரும்பியதும் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். புது பிளேடு, நிறைய நுரை, ஒரே முறை, பக்கத்தில் படிகாரம் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

வீட்டில் வயசானவர்கள் இருக்கும் சகோதரிகளுக்கு என் சிபாரிசு இவ்வளவுதான். சோப்பு வாங்கும்போது வாசனையை அப்புறம் பாருங்கள். எதில் செய்தது என்று முதலில் படியுங்கள். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நுரை வரவில்லையென்றால் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ரத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம். கத்தி என் இலாகா. நுரை அம்மா இலாகா. வெட்டிவேர் டப்பா தீரப் போகிறது. அடுத்தது என்ன வாங்கட்டும் என்று நேற்று அப்பாவைக் கேட்டேன்.

"உங்கம்மாவைக் கேளு" என்றார்.